பால் நேரத்துத் தப்பு

1. முதல் நாள் வந்தவர்கள்

இலங்கை மலைநாட்டு நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறும் வண்டிப் பாதையில் மூச்சு வாங்க நடந்து அந்தத் தோட்டத்துக்கு நான் முதன்முதலாகப் போனது ஐம்பதுகளின் நடுவில். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. கொழும்பில் இருந்த ஒரு மாதர் சங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பியிருந்தது. என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கே ஒழுங்காகச் சொல்ல வராது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் பெண்களைக் கூட்டி, அவர்கள் வாழ்க்கையிலிருந்தே அவர்களோடு சேர்ந்து ஒரு நடனம் உண்டாக்க வேண்டும். கூட்டம் போட்டால் வாய் திறக்காதவர்கள் ஆட்டத்திலாவது மனசில் இருப்பதைக் காட்டுவார்கள் என்பது சங்கத்தின் எண்ணம். இப்போது இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்துப் பட்டறை நடத்துகிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஹட்டன் கடைத்தெருவில் இதற்கு ஒரே பெயர்தான்: "துணிக்கடைக்காரரு மக தோட்டத்துல போயி ஆடுறாளாம்."

நான் படித்தது புது நடனம். பரதம் கற்று, அதை விட்டுவிட்டு வந்த ஓர் அம்மாவிடம் கொழும்பில் மூன்று வருடம் படித்தேன். சலங்கை கிடையாது, நகை கிடையாது, சாமி கதை கிடையாது. நடப்பது, சுமப்பது, குனிவது, நின்றுபோவது, இவற்றிலிருந்துதான் ஆட்டம் பிறக்க வேண்டும் என்பார் அந்த அம்மா. என் அப்பா ஒரு நாள் பார்த்துவிட்டு, "காசு கட்டி நடக்கவா படிக்கிற?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

முதல் நாளே சறுக்கியது. கண்டாக்கு, அதாவது தோட்டத்து வெள்ளைக்காரத் தொரைக்கு அடுத்தபடி மலையில் அதிகாரம் பண்ணும் கண்டக்டர், காலையில் எல்லாரையும் பெரட்டுக் களத்தில் நிறுத்தி வேலை பிரிக்கும்போது, "இன்னைக்குச் சாயந்தரம் ஸ்கூல் வாசல்ல டான்ஸ் இருக்கு, வந்துருங்க" என்று சொல்லிவிட்டார். போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் ஆண்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்து என்னையே பார்க்கிறார்கள். நான் ஆடப்போகிறேன் என்று வந்திருக்கிறார்கள்.

நான் எழுந்து நின்று, உடம்பும் ஒரு பாஷைதான், அதில் எல்லாரும் பேசலாம் என்று கொழும்பில் பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை ஒப்பித்தேன். கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு ஒருவர் மரியாதையாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, ஆடுவீங்களா, இல்ல பேச்சுத்தானா? குளிருதுங்க."

பக்கத்தில் இருந்தவர், "பேச்சுன்னா நம்ம யூனியன் தலைவரே நல்லாப் பேசுவாரு" என்றார்.

பெண்கள் எங்கே என்று கேட்டேன். "அதுக அடுப்படியில இருக்குங்க. டான்ஸு பாக்க ஆம்பளைங்க போதாதா?" என்றார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கூட்டத்தை அனுப்பிவிட்டுத் தனியாக நின்றபோது, ஸ்கூலுக்கு அடுத்த கட்டடத்தின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். கட்டையான உருவம், வெற்றிலை வாய், இடுப்பில் சாவிக்கொத்து. பெயர் ரோசம்மா.

"இப்புடி சாயந்தரத்துல வலை வீசினா ஒண்ணும் சிக்காதுங்க டீச்சர். மத்தியானம் இங்கிட்டு வாங்க. கைப்புள்ளக்காரிங்க அத்தன பேரும் எங்கிட்டதான் ஓடி வரும்."

2. காது வேறு பக்கம்

ரோசம்மா பிள்ளைக் காம்பிரா ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் தகரக் கூரைக் கட்டடம் அது. உள்ளே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். கால் வைத்தால் பாலும் மூத்திரமும் டெட்டோலும் கலந்த வாடை.

மறுநாள் பகல் நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்ததும் மேலே மலை விளிம்பில் முதல் தலை தெரிந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்கள், குறுக்குப் பாதையில், ஓட்டமும் நடையுமாக. சேறு பட்ட படங்குச் சாக்கு இடுப்பில் அப்படியே இருக்கிறது. வந்தார்கள், வாசல் பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் கையையும் மாரையும் கழுவினார்கள், ஆயா எடுத்து நீட்டிய பிள்ளையை வாங்கினார்கள், தரையில் சரிந்து உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். அவ்வளவு பேர் இருந்தும் பேச்சில்லை. தாய்மார் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள் என்றுதானே நினைப்போம். இவர்கள் எல்லாரும் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு விளங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழே பெரட்டுக் களத்தில் தப்பு அதிர்ந்தது. தப்பு என்றால் நெருப்பில் காய்ச்சிக் குச்சியால் அடிக்கும் வட்டத் தோல் மேளம். அந்தத் தோட்டத்தில் விடியற்காலம் ஆட்களை எழுப்பவும் தப்புதான், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பக் கூப்பிடவும் தப்புதான். முதல் அடி விழுந்ததும் அத்தனை தாய்மாரும் ஒரே நேரத்தில் பிள்ளையை மாரிலிருந்து பிடுங்கி ஆயா கையிலும் தொட்டிலிலும் போட்டுவிட்டு எழுந்தார்கள். பிள்ளைகள் வீறிட்டன. ரவிக்கையைச் சரி பண்ணிக்கொண்டே மலையைப் பார்த்து ஓடினார்கள். பிந்தினால் அரைப் பேர். அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும்.

இது ஒவ்வொரு பகலும் நடக்கிறது. ஆட்டமே என் தொழில் என்பதால் முதலில் எனக்குத் தோன்றியது, இவ்வளவு பேர் இவ்வளவு ஒழுங்காக ஒரே நேரத்தில் எழுந்து நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை என்பதுதான். அப்படித் தோன்றியதற்கு உடனே வெட்கமாகவும் இருந்தது.

கடைசியாக ஓடியவள் பார்வதி. ஒல்லியான பெண், என் வயதுதான் இருக்கும். அவள் வேலை செய்வது ஒன்பதாம் நம்பர் மலையில், தோட்டத்தின் உச்சியில். இறங்கி வரவே பாதி நேரம் போய்விடும். முதல் பிள்ளை தங்கவில்லை. இது இரண்டாவது, ஆண்பிள்ளை, கணேசன் என்று பெயர். தவழ வேண்டிய பருவத்தில் கழுத்து நிற்காமல் கிடந்தது. மருந்துக்காம்பிரா ஐயா பார்த்துவிட்டு, தாய்க்குப் பால் பற்றவில்லை, கடையில் பால்மா டின் வாங்கிக் கொடு என்று சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய் அவளிடம் பேசினேன். சீனி போடாத தேத்தண்ணியும் கடித்துக்கொள்ளக் கையில் கொஞ்சம் வெல்லமும் கொடுத்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"பால் இருக்குதுங்க டீச்சர். மலையில நிக்கிறப்போ ரவிக்க நனைஞ்சு ஒழுகுது. நேரந்தான் இல்ல."

யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். கங்காணியிடம் சொன்னார்களாம். அவர், பொம்பளைச் சமாச்சாரத்தை நான் எப்படித் தொரையிடம் போய்ச் சொல்வேன் என்று கையை விரித்துவிட்டார். யூனியன் தலைவரிடமும் போயிருக்கிறார்கள். "சம்பளப் பேச்சு நடக்கிற நேரத்துல தொர முன்னாடி மாரப் பத்திப் பேசச் சொல்றீங்களா?" என்று அவர் எழுந்தே போய்விட்டார். வாயால் சொல்ல இவர்களுக்குக் கூச்சம், காதால் கேட்க அவர்களுக்குக் கூச்சம். நடுவில் அந்தப் பிள்ளை இளைத்துக்கொண்டே போனது.

சரி, வாய் வேண்டாம், ஆடிக் காட்டுவோம் என்றேன். பார்வதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

3. ரதிக்கு ஒரு நியாயம்

ரோசம்மாதான் ஆள் பிடித்துக் கொடுத்தாள். பார்வதியோடு ஆறு பேர். எல்லாரும் கைப்பிள்ளைக்காரிகள். ஞாயிறு பகல், பிள்ளைக் காம்பிராவுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு.

முதல் வாரத்திலேயே பார்வதியின் புருசன் ஆறுமுகம் வந்து வாசலில் நின்றான். "பொம்பள ஆடுனா சந்தி சிரிக்குங்க. வேணாம்."

இந்த ஆறுமுகம் யார் என்றால், மாசி மாதம் நடக்கும் காமன் கூத்தில் வருடா வருடம் ரதி வேஷம் கட்டுகிறவன். சேலையும் வளையலும் சவுரிமுடியுமாக லயத்துக்கு லயம் ஆடிக்கொண்டு போவான். காமன் எரிந்த பிறகு ரதி அழுகிற இடத்தில் கல்நெஞ்சுக்காரர்களும் அழுவார்கள். ரோசம்மா வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்தாள்.

"ஏன்டாப்பா, நீ சீல கட்டி ஆடுனா சாமி. ஒம் பொண்டாட்டி அவ சீலையிலேயே ஆடுனா சந்தி சிரிக்குதா? எந்த ஊரு நியாயம் இது?"

உள்ளே ஆறு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆறுமுகம் காது சிவக்க நின்றான். நான் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன் என்றேன். அவன் கணேசனை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான்.

ஆட்டம் ரொம்பச் சின்னது. மலையிலிருந்து ஓடி வருவது. கழுவுவது. சுருட்டிய கம்பளியைப் பிள்ளையாக வாங்கி உட்காருவது. கேட்பது, அந்தத் தலை திருப்பல். பிறகு எழுவது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. ஓட்டத்தை மட்டும் நாங்கள் மாதக்கணக்கில் தேய்த்தோம். ஓரிடத்தில் நின்றபடியே இறக்கத்தில் ஓடுவது போலக் காட்ட வேண்டும். குதிகாலைத் தூக்காமல் முழங்கால் மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் சொன்னால் வராது. "புள்ள பசிச்சு அழுவுது, நீ வழுக்குப் பாறையில நிக்கிற" என்று அவர்களுக்குள்ளேயே ஒருத்தி சொன்னால் வந்துவிடும். கெக்கலித்துச் சிரிப்பார்கள், முட்டி மோதுவார்கள், மறுபடி ஓடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

பார்வதிக்கு ஓர் இடம் மட்டும் வரவில்லை. பிள்ளையைப் பிடுங்கும் இடம். கம்பளிதான், ஆனாலும் கை போகாது. "டீச்சர், இத மட்டும் என்னைய விட்டுருங்க" என்றாள். நானும் யோசித்தேன். "சரி, நீ பிடுங்காதே. ஐந்து பேரும் எழுந்து ஓடட்டும். நீ மட்டும் உட்கார்ந்திரு. தப்பு அடித்துக்கொண்டே இருக்கட்டும், நீ பால் கொடுத்துக்கொண்டே இரு. அதோடு ஆட்டம் முடிந்தது" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அந்த முடிவு எல்லாருக்குமே பிடித்திருந்தது. ஒரு தடவையாவது ஒருத்தியாவது உட்கார்ந்திருக்கட்டுமே என்றாள் ஒருத்தி.

சுவரோரம் இருந்த ஆறுமுகம் எழுந்தான். வேண்டாம் என்று சொல்லப்போகிறான் என்று நான் பயந்தேன். "ஓடி வர்றப்போ மூச்சு வாங்குறது கண்ணுல தெரியணும் புள்ள. ரதிக்கு நான் அப்புடித்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் தடுக்க வரவில்லை.

4. கம்பெனி அடி

தப்புக்குச் சின்னையாவைக் கேட்டோம். அவர்தான் பெரட்டுத் தப்பு அடிக்கிறவர். அடர்ந்த மீசை, பூனை போன்ற நடை. விடியாத குளிரில் எல்லாரையும் எழுப்புகிற மனிதர் என்பதால் அவரை மனசாரத் திட்டாத வீடு கிடையாது. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் உண்டு.

"எல்லாரும் எஞ் சத்தத்துக்கு வர்றாங்கதான். மொகத்தச் சுளிச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க" என்றார்.

ஆட்டத்துக்கு அடிக்கக் கேட்டதும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. பெரட்டு அடியை மட்டும் அடிக்க மாட்டேன் என்றார்.

"அது கம்பெனி அடிங்க டீச்சரம்மா. நேரங்கெட்ட நேரத்துல அடிச்சா ஆளுக எறங்கி வந்துரும். தொர என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு. கோயில் அடி அடிச்சுத் தாரேன்."

அவர் சொல்வதும் சரிதான். திருவிழா அடியை வைத்தே பழகினோம். ஒரே ஒரு குறை. திருவிழா அடி கேட்டதும் பெண்கள் எழுந்திருக்கிற விதமே வேறு மாதிரி இருந்தது. தேர் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி எழுந்தார்கள். நான் தலைகீழாக நின்று பார்த்தேன், பிள்ளைக் காம்பிராவில் பார்த்த அந்த எழுச்சி வரவில்லை. சரி, கிடைத்தது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆட்டம் போட நாள் கேட்கக் கண்டாக்கிடம் போனபோது, "கும்மியா கோலாட்டமா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். "அப்ப என்னதான் ஆடுறாங்க?" "நடக்கிறாங்க, ஓடுறாங்க, உட்கார்றாங்க" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அத நான் தெனமும் மலையில பாக்குறேனே அம்மா." ஆனாலும் நல்ல மனிதர். சித்திரை வருசப் பிறப்பு லீவுக்குத் தொரையும் அவர் மனைவி தொரசாணியும் வருவதாக ஏற்பாடு செய்து கொடுத்தார்.

5. எழுந்தவர்கள்

பெரட்டுக் களத்திலேயே ஆட்டம். நாற்காலியில் தொரை, பக்கத்தில் புதிதாகச் சீமையிலிருந்து வந்த தொரசாணி. பின்னால் கண்டாக்கு, கங்காணிமார். புல்லில் முன்னால் பெண்கள், தோளிலும் மடியிலும் பிள்ளைகள். ஆட்டத்தில் இல்லாத தாய்மார் வழக்கம்போல் முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுத்துக்கொண்டே பார்த்தார்கள். லீவு நாளல்லவா, எல்லாரும் புதுச் சேலை. ஆறுமுகம் கணேசனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். சின்னையா தப்பைச் சருகு நெருப்பில் காய்ச்சிக்கொண்டு, தினமும் நிற்கிற அதே இடத்தில், மலையைப் பார்த்து நின்றார்.

ஆறு பேரும் ஓடி வந்தார்கள். முதலில் சிரிப்புக் கிளம்பியது. இதென்ன கூத்து, நாம் ஓடுவதை நமக்கே காட்டுகிறார்களே என்ற சிரிப்பு. கழுவினார்கள், உட்கார்ந்தார்கள், கம்பளிப் பிள்ளையை மாரோடு சேர்த்தார்கள். சிரிப்பு அடங்கியது. ஆறு தலையும் ஒரு பக்கம் திரும்பியபோது, புல்லில் இருந்த பெண்களில் சிலர் தலையும் திரும்பியதை நான் பார்த்தேன்.

சின்னையா குச்சியை ஓங்கினார். விழுந்தது கோயில் அடி இல்லை. பெரட்டு அடி.

நான் சின்னையாவைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் ஆட்டக்காரிகள் ஐந்து பேரும் கம்பளியைப் பிடுங்கி எழுந்துவிட்டார்கள். நான் மாதக்கணக்கில் கெஞ்சியும் வராத எழுச்சி. அது போகட்டும். புல்லில் இருந்த தாய்மார் அத்தனை பேரும் எழுந்தார்கள். வாயில் பாலோடு இருந்த பிள்ளைகளைப் பிடுங்கி, பக்கத்தில் இருந்தவர்கள் மடியில் போட்டுவிட்டு எழுந்தார்கள். சிலர் மலைப் பாதையில் நாலைந்து எட்டுப் போயே விட்டார்கள். ஒருத்தி கூடைக் கயிற்றை மாட்டுவதற்காகத் தலைக்குக் கையைக் கொண்டுபோனாள், அங்கே கயிறு இல்லை, மல்லிகைப்பூதான் இருந்தது. தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் ஆண்களில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். கண்டாக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். களம் முழுக்கப் பிள்ளைகள் வீறிட்டு அழுதன.

பார்வதி நடுவில் நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்திருக்க வேண்டியவள். கம்பளி அவள் காலடியில் கிடந்தது.

அப்புறம்தான் எல்லாருக்கும் உறைத்தது. இன்றைக்கு லீவு, வேலை இல்லை, இது ஆட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அசட்டுச் சிரிப்பு. பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. பிடுங்கின பிள்ளைக்கு அது ஆட்டமா நிஜமா என்று தெரியுமா?

தொரை நாற்காலியை விட்டு எழுந்தார். வெள்ளைக்காரத் தொரைமார் பேசும் தமிழில் வா, போ தவிர மரியாதை கிடையாது. "ஏய் தப்பு! யார் சொல்லி அடிச்சது? இன்னைக்கு வேலை இல்லை. நீ ஆள் ஏமாத்துறது?"

சின்னையா குச்சியைத் தாழ்த்தினார். "கை தானா போயிருச்சுங்க தொர. இந்த எடத்துல நின்னு, அதுகளையும் அப்புடிப் பாத்ததும்… தானாப் போயிருச்சுங்க."

தொரசாணி என் பக்கம் திரும்பி, இத்தனை குழந்தைகளும் ஏன் ஒரே நேரத்தில் அழுகின்றன என்று இங்கிலீஷில் கேட்டாள். பால் நேரத்தையும் ஒன்பதாம் மலையிலிருந்து இறங்கி வரும் தூரத்தையும் நான் சொன்னேன். தொரையும் கேட்டுக்கொண்டு நின்றார். நம்பினாரா இல்லையா, தெரியவில்லை. பார்வதியைப் பார்த்து, "ஏய் பொண்ணு, இது டான்ஸா, நெசமா?" என்றார்.

பார்வதி அதுவரை தொரையிடம் ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. முந்தானையைத் தோளில் இழுத்துக்கொண்டாள்.

"தப்பு அடிச்சாலும் நான் எந்திரிக்காம ஒக்காந்திருக்கணும். டீச்சர் அப்புடித்தான் சொல்லிக் குடுத்தாங்க தொர. எத்தனையோ நாளாப் பழகுனேன். முடியல."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஆறுமுகத்திடம் போய்க் கணேசனை வாங்கிக்கொண்டாள். தொரை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சின்னையாவிடம், "புதன்கிழமை ஆபீசுக்கு வா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

6. ஆபீஸ் வாசல்

மறுநாள் பகல், தொரசாணி தனியாக ஒன்பதாம் நம்பர் மலையிலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பாதி வழியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாளாம். பிள்ளைக் காம்பிரா வாசலில் வந்து நின்றபோது முகம் செக்கச் சிவந்திருந்தது, பாவாடையெல்லாம் சேறு. ரோசம்மா தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடித்து முடிக்குமுன் தப்பு அடித்தது. தாய்மார் எழுந்து ஓடுவதைக் கையில் டம்ளரோடு பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

புதன்கிழமை சின்னையாவோடு நானும் ஆபீஸ் வாசலுக்குப் போனேன். அவர் திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ஒரு வாய் சாப்பிடவில்லை என்றாள் அவர் மனைவி. பார்வதி ஒன்பதாம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மனசெல்லாம் இங்கேதான் இருந்திருக்கும்.

உள்ளே போன வேகத்தில் சின்னையா வெளியே வந்தார். வாசல் படியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"தப்புப் போச்சுங்க டீச்சரம்மா. மத்தியானத் தப்பு இனிமே நீ அடிக்காதேன்னுட்டாரு."

எனக்கு இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு மனிதனுடைய பிழைப்பில் கை வைத்துவிட்டோமே என்று நிற்கிறேன், கண்டாக்கு பின்னாலேயே ஓடி வந்தார்.

"யோவ், முழுசாக் கேக்காம என்ன ஓட்டம் ஓடுற? ஒன் இஷ்டத்துக்கு அடிக்காதே, ஆயா சொன்னாத்தான் அடிக்கணும்னு சொன்னாரு. புள்ளைங்க பால் குடிச்சு முடிஞ்சதுன்னு ரோசம்மா கையக் காட்டணும், அப்பறம் நீ அடிக்கணும். வெளங்குதா?"

சின்னையா அவரையும் என்னையும் பார்த்தார். "அப்ப தப்பு எங்கிட்டதானுங்களா?"

"ஒங்கிட்டதான். அதிகாரந்தான் ஆயாகிட்ட போயிருச்சு. இனி இந்தத் தோட்டத்துல கடியாரம் ரோசம்மாதான்." கண்டாக்கு தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் சிரித்தார்.

7. முதல் பகல்

நல்ல தொரை, நல்ல தொரசாணி என்று இதை முடிக்க எனக்கு இஷ்டமில்லை. ஒன்பதாம் மலைக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளைக் காம்பிரா கட்டச் சொல்லி நாங்கள் கேட்டோம், நான் இருந்தவரை அது வரவில்லை. மாறியது ஒரு தப்புச் சத்தம் மட்டும்தான்.

ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ஊர்களுக்குப் போகிற இளம்பிள்ளைகள் இப்போது என்னிடம், ஜனங்களை எப்படி ஈடுபடுத்துவது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போன இடத்தில் எல்லாரும் எதற்கு ஒன்றாக எழுகிறார்கள், எதற்கு உட்காருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். அவர்கள் உடம்பு என்றைக்கோ ஆடத் தொடங்கிவிட்டிருக்கும். அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கிற மாதிரி ஓர் இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். கைதட்டல் கிடைக்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள். எங்கள் ஆட்டத்துக்கு ஒருவர்கூடக் கை தட்டவில்லை.

புது உத்தரவு வந்த முதல் பகல் நான் பிள்ளைக் காம்பிராவில் இருந்தேன். பெண்கள் ஓடி வந்தார்கள், பழக்கம் விடுமா? உட்கார்ந்தார்கள், பிள்ளைகளை வாங்கினார்கள், தலையைத் திருப்பிக் காத்திருந்தார்கள். வழக்கமான நேரம் வந்தது. போனது. சத்தம் இல்லை. கீழே களத்தில் சின்னையா தப்பை அணைத்துக்கொண்டு எங்கள் வாசலையே பார்த்து நின்றார். ரோசம்மா தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். கை அசையவில்லை.

உத்தரவைப் பற்றிப் பெண்களிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என்னாக்கா, தப்புக்கார அண்ணனுக்கு ஒடம்புக்கு முடியலையா?" என்றாள் ஒருத்தி. "அடிக்கச் சொல்லுக்கா, கங்காணி ஏசுவாரு" என்றாள் இன்னொருத்தி. "வாய மூடிக்கிட்டுக் குடுங்கடி" என்றாள் ரோசம்மா. மெதுவாக ஒவ்வொரு தலையாகத் திரும்பிப் பிள்ளை முகத்துக்கு வந்தது.

பார்வதி மட்டும் எழத் தயாராக ஒரு காலை ஊன்றியபடியே இருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கணேசன் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினான், நிறுத்தினான், மறுபடி உறிஞ்சினான். அவன் முஷ்டி விரிந்து அவள் மேல் கிடந்தது. பிறகு வாய் தளர்ந்து, மாரை விட்டுத் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கடைவாயில் பால் வழிந்தது.

பார்வதி பதறிப்போய் அவன் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. தூங்கிவிட்டான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"டீச்சர், இவன் தானா விட்டுட்டான் டீச்சர்" என்றாள். "பொறந்ததுல இருந்து நாந்தான் புடுங்குவேன். வயிறு நெறஞ்சா இப்புடித்தான் விடுமாங்க?"